மதிப்பெண் சமமாக வந்தால்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களுக்கு நான் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன் என்பது தெரியும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் என் நடை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். யாராவது ஒரு தாயோ தகப்பனோ பக்கத்தில் வந்து நடப்பார்கள். நாலு எட்டு வைத்ததும் கேள்வி வரும்.

"சார், பையன் ஆன்லைன்ல ஏதோ நெட்வொர்க்கிங் சர்டிபிகேட் பண்றேங்கறான். காலேஜ் அட்மிஷனுக்கு யூஸ் ஆகுமா?"

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் இதழைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், இதற்கான பதிலை ஒரு கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார். "பாயிண்ட் பாயிண்டா குடுத்துடுங்க சார், மக்கள் படிக்க ஈஸியா இருக்கும்" என்றார். பாயிண்டாக எழுத அரைப் பக்கம் போதும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து வரும் கட்ஆஃப் மட்டும்தான். கணினிச் சான்றிதழை அங்கே யாரும் கேட்பதில்லை, நீட்டினாலும் வாங்குவதில்லை. கலை அறிவியல் கல்லூரிகளிலும் எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான். தனியார் பல்கலைக்கழகங்களில் அவர்களுடைய நுழைவுத்தேர்வு இருக்கிறது. நேர்காணல் வைக்கிற இடத்தில் பேசுவதற்கு ஒரு விஷயமாகச் சான்றிதழ் உதவலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையோடு சேர்த்து இதையும் பார்க்கின்றன. அங்கேகூட, மதிப்பெண் குறைந்தவனை அது தூக்கிவிடாது. படிப்பதில் ஆர்வம் இருந்தால் படிக்கட்டும். வேலை தேடும்போது பயன்படலாம். இடம் கிடைக்கும் என்று நம்பிப் படிக்க வேண்டாம்.

பதில் இவ்வளவுதான். இளைஞர் கேட்டது முடிந்துவிட்டது. ஆனால் போன வருடம் ஏரிக்கரையில் இந்தப் பதிலைக் கேட்ட ஒரு தாய், "சர்வீஸ்ல இருந்தப்பவும் இதையேதான் சொல்வீங்களா சார்?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என்னால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு முறை இதற்குப் பொய்யான பதில் சொல்லியிருக்கிறேன். பிறகு, அப்படிச் சொல்லவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் படித்தது கணிதம். எம்.எஸ்சி. முடித்து, தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கல்லூரி கணினித் துறை தொடங்கியபோது பாடம் நடத்த ஆள் கிடைக்காமல், கணிதத் துறையில் இளையவனான என்னை மாலை நேரப் பட்டயப் படிப்பு ஒன்றைப் படிக்கச் சொல்லி அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அடுத்த பாடத்தை முந்தின நாள் படித்துவிட்டு வந்து நடத்திய ஆண்டுகள் அவை. பிறகு பழகிவிட்டது. ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பி.சி.ஏ. சேர்க்கைக் குழுவுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர்.

சேர்க்கை என்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேறு எண்ணம் இருக்கும். எங்கள் கல்லூரியில் நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிய இடங்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அது வேறு அறையில் நடந்தது. மற்ற இடங்கள் முதல்வரின் கையில் இருந்தன. அவர் இருந்தவரை அதில் யாரும் விரல் வைக்கவில்லை.

முதல்வர் வேதியியல்காரர். ஒல்லியானவர், குரல் உயர்த்தமாட்டார். தரவரிசைப் பட்டியல் அச்சாகி வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்துப் பெயர்கள் இருக்கும் பத்தியின்மேல் வைத்து மூடிவிடுவார். பிறகு ஒரு மர அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குவார். விண்ணப்ப எண், மதிப்பெண், பிரிவு, பிறந்த தேதி. இவை மட்டும்தான் அவர் கண்ணில் படும். யாருக்கு இடம் என்று முடிவான பிறகுதான் தாளை எடுத்துப் பெயரைப் படிப்பார். யாராவது சிபாரிசோடு வந்தால் கடைசிவரை பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "பட்டியல் ஒட்டும்போது பார்த்துக்கலாம்" என்பார். அதற்குமேல் அவரிடம் ஒரு சொல் வாங்க முடியாது.

இரண்டு பேருக்கு மொத்த மதிப்பெண் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. வயதில் மூத்தவருக்கு இடம். பிறந்த தேதியைப் பார்ப்பதோடு சரி. இது பிராஸ்பெக்டஸ் என்கிற விவரக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் படித்திருந்தேன். அந்தப் பக்கத்துக்கு மெய்ப்புத் திருத்தியவனே நான்தான்.

சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் அலுவலகக் கண்காணிப்பாளர் தேவகி மேடம் உட்கார்ந்திருப்பார். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு மீதி அத்தனையையும் கோப்போடு திருப்பித் தருவார். மீதி என்றால் தட்டச்சு, இந்தி, கராத்தே, ஓவியம், அபாகஸ், அப்புறம் கணினி. எல்லாம் லேமினேட் செய்து பளபளவென்று இருக்கும். பெருங்களத்தூரிலிருந்து ஒருவர், ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது குடியிருப்பு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர், மகனோடு வந்து கோப்பை அவர்முன் விரித்தார். பையன் பத்துப் பன்னிரண்டு கணினிச் சான்றிதழ்கள் வைத்திருந்தான். மதிப்பெண் சுமார்.

"இதெல்லாம் பார்க்க மாட்டீங்களா மேடம்?"

"பார்த்தேனே சார். நல்லா இருக்கு."

"பார்த்தா பத்தாது மேடம். சேர்த்துக்கணும்ல?"

"பையனைச் சேர்க்கறதுக்கே மார்க் பத்தல. இதை எங்க சார் சேர்க்கறது?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். மகன் மட்டும் சிரிக்கவில்லை. நானும் அன்று சிரித்தேன் என்பதை எழுதிவிட வேண்டும். அவனிடம் அவ்வளவு சான்றிதழ்கள் எப்படிச் சேர்ந்தன என்று நான் யோசிக்கவில்லை. யாரோ ஒருவர் அவனிடம் இது உதவும் என்று சொல்லியிருப்பார்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எங்களை மேல்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். வழிகாட்டி உரை என்று பெயர். கல்லூரிக்கு ஆள் சேர்ப்பதுதான் வேலை. பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகள் என் பங்கு. எனக்கு மேடையில் பேச வரும். அந்த வருடம் எங்கள் கல்லூரி ஒரு பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து மாணவர்களுக்குச் சான்றிதழ் வகுப்பு நடத்தப்போகிறது என்று முடிவாகியிருந்தது. அந்த யோசனையை நிர்வாகத்திடம் கொண்டுபோனவன் நான். அதனால் போன பள்ளிகளிலெல்லாம் சான்றிதழின் பெருமையைப் பேசினேன். பொய் சொல்லச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பம்மல் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. தகரக் கூரை போட்ட கூடம், கரகரக்கும் ஒலிபெருக்கி. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கச் சொன்னேன். முன்வரிசைகளில் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், ரெண்டு பேருக்கு ஒரே மார்க் வந்தா யாருக்கு சார் சீட்டு?"

பக்கத்தில் இருந்தவள் அவள் தாவணியை இழுத்தாள். "உக்காருடி. பெரிய ஸ்டேட் ஃபர்ஸ்டு இவ."

கூடம் சிரித்தது. அந்த மாணவி உட்காரவில்லை. கேட்டது சரியான கேள்வி என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. பதில் எனக்குத் தெரியும். மூத்தவருக்கு இடம் என்று சொல்லியிருக்க வேண்டும். அரைமணி நேரம் சான்றிதழைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் பிறந்த தேதி என்று சொல்வது சப்பென்று இருக்கும் என்று தோன்றியது. தோன்றிய அடுத்த நொடியே பேசிவிட்டேன்.

"நல்ல கேள்விம்மா. அங்கதான் சர்டிபிகேட் பேசும். ஒரே மார்க்ல ரெண்டு பேர் நின்னா, சர்டிபிகேட் வச்சிருக்கறவங்களைத்தான் நாங்க எடுப்போம்."

கைதட்டினார்கள். தலைமை ஆசிரியை தலையாட்டினார். அந்த மாணவி, "தேங்க்யூ சார்" என்று சொல்லி உட்கார்ந்தாள். தேநீர் குடித்துவிட்டு நான் அடுத்த பள்ளிக்குப் போய்விட்டேன்.

அவள் பெயர் ரிஸ்வானா. இரண்டாம் பட்டியலுக்கான சேர்க்கை நாளில் தகப்பனாரோடு வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. தகப்பனார் ஹனீபா பாய், பொழிச்சலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் வார்னிஷ் கறை. டோக்கன் வாங்கும்போதே தேவகி மேடத்திடம், "உங்க காலேஜ் மோட்டார் எப்பனா காயில் போச்சுன்னா நம்ம கடைக்கு அனுப்புங்க மேடம், ஸ்டூடண்ட்டோட அத்தா நான், கன்செஷன் போட்டுத் தரேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் வந்திருந்தார்.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மகளிர் கல்லூரியில் அவளுக்கு பி.காம். இடம் கிடைத்திருந்தது. தகப்பனாருக்கு அதில்தான் விருப்பம். போய் வர எளிது, உறவுக்காரப் பெண் ஒருத்தியும் அங்கே படித்தாள். ரிஸ்வானாவுக்கு பி.சி.ஏ. வேண்டும். தேர்வு முடிந்த விடுமுறையில் தாம்பரத்தில் ஒரு மையத்துக்குப் போய்ப் படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கினாள். எங்கள் முதல் பட்டியலில் காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவளுக்கு மேலே, அதே மதிப்பெண்ணில் இன்னொரு மாணவி. அந்த மாணவியிடம் சான்றிதழ் எதுவும் இல்லை என்பதை ரிஸ்வானா விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். இடம் எனக்குத்தான், காலேஜ் சாரே சொன்னார் என்று தகப்பனாரிடம் சொன்னாள். அவர் அதை நம்பி பி.காம். இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல்வர் அறையில் நீள மேஜை. அவருக்கு வலப்பக்கம் நான். அளவுகோல் பட்டியலின்மேல் இருந்தது. மீதமிருந்தது ஒரே இடம்.

"உட்காருங்க" என்றார் முதல்வர். "ரெண்டு பேருக்கு ஒரே மார்க் வந்திருக்கு. இன்னொரு மாணவி வயசுல கொஞ்சம் மூத்தவங்க. விதிப்படி இடம் அவங்களுக்குப் போகுது. இவங்க காத்திருப்புல முதல்ல இருக்காங்க. ஏதாவது இடம் காலியானா கூப்பிடுவோம்."

ரிஸ்வானா கோப்பைத் திறந்து சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். லேமினேட் செய்திருந்தாள். "சார், இது இருக்கு."

முதல்வர் அதைக் கையில் எடுத்து முழுவதும் படித்தார். எதையும் பாதியில் வைக்கிறவர் அல்ல. "நல்லதும்மா. ஆனா இது கணக்குல வராது."

"வரும்னு சொன்னாங்க சார்."

"யாரு சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் குற்றம் சாட்டும் பாவனை துளியும் இல்லை. மறந்துபோனதை எடுத்துக்கொடுக்கிற மாதிரிதான் பேசினாள். "இந்த சார்தான். எங்க ஸ்கூலுக்கு வந்தப்போ. நான்தான் சார் எழுந்து கேட்டேன், ஒரே மார்க் வந்தா யாருக்குன்னு."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். ஹனீபா பாயும் பார்த்தார். அவர் பார்வையில் இருந்ததை எதிர்பார்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். சார் ஆமாம் என்று சொல்லப்போகிறார், விஷயம் முடிந்துவிடும் என்று.

எனக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. தாவணியை இழுத்த தோழியையும் நினைவிருந்தது. நான் சொன்னேன்: "விவரக் குறிப்பேட்டுல இருக்கற விதியைத்தான்மா நான் எல்லா ஸ்கூல்லயும் சொல்வேன். நீ வேற எங்கயாவது கேட்டிருப்ப. இல்லன்னா தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்ப. பரவாயில்ல."

மென்மையாகச் சொன்னேன். கோபமாக மறுத்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

"இல்ல சார், நீங்கதான் சொன்னீங்க. மைக்ல சொன்னீங்க. எல்லாரும் கை தட்..."

"ரிஸ்வானா" என்றார் தகப்பனார். அவள் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்தாள்.

அவர் எழுந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். சின்னப் பொண்ணு. ஆசைல எதுனா சொல்லிச்சு போல."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. "அந்தக் காலேஜ் சீட்ட வாணாம்னு எழுதிக் குடுக்க வச்சியே. சார் சொன்னாரு, சார் சொன்னாருன்னு சொன்னியே. ஏன்மா, இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமே. பொய் எதுக்கு?"



முதல்வர் பட்டியலிலிருந்து தலை நிமிராமல், "நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"அப்படிச் சொன்ன ஞாபகம் இல்ல சார்."

"சரி" என்றார். அளவுகோலை ஒரு வரி கீழே இறக்கினார். "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

இதுவரை நடந்ததற்கு ஒரு சமாதானம் உண்டு. அப்போது அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது. விதி விதிதான். ஆக, என்னால் அவளுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நானும் கணிதம் படித்தவன்தானே, கணக்கு சரியாகத்தான் வந்தது.

அந்தக் கணக்கு சில நாட்கள்தான் நின்றது. பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்த மாணவன் ஒருவன் வந்து தன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். ஓர் இடம் காலியானது. காத்திருப்பில் முதல் பெயர் ரிஸ்வானா. தேவகி மேடம் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அப்போது அவர் மேஜைக்கு எதிரில்தான் நின்றிருந்தேன்.

அவர் பேசுவது மட்டும் எனக்குக் கேட்டது. "நிஜமாதான் பாய். காலியாயிருக்கு... உங்க பொண்ணுக்குத்தான்... பொண்ணு சொல்லி இல்ல, நாங்க கூப்பிடறோம்... சரி பாய். சரி." வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"வேணாம்ட்டாரு சார். பி.சி.ஏ., பி.சி.ஏ.ன்னு சொல்லித்தான் பொய் சொல்ல ஆரம்பிச்சா, அந்தப் பேச்சே இனிமே வூட்ல வாணாம்ங்கறாரு. நல்ல பொண்ணு சார் அது. என்ன பொய் சொல்லிச்சு?"

"தெரியல மேடம்" என்றேன்.

"அடுத்த பேரைக் கூப்பிடவா?"

ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அவர் என் அனுமதியைக் கேட்டார். தொலைபேசி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம் பேசினால் போதும். பேசினால் தேவகி மேடத்துக்குத் தெரியும், முதல்வருக்குத் தெரியும், துறையில் எல்லோருக்கும் தெரியும். "கூப்பிடுங்க" என்றேன்.

மேடையில் சொன்னது வாய்க்கொழுப்பு. முதல்வர் அறையில் சொன்னது பயம். இந்த ஒரு சொல்லை மட்டும் நிதானமாக, யோசித்துச் சொன்னேன்.

அடுத்த வருடம் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. முதல்வர் காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று எல்லோருக்கும் கைகொடுத்த மாதிரி எனக்கும் கொடுத்தார். என் பணி அதற்குப் பிறகும் நன்றாகவே நடந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன மாணவர்கள் சிலருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறேன். சான்றிதழைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்டால், அந்தச் சான்றிதழை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, அதில் இருப்பதை மட்டும் எழுதினேன். நல்ல பழக்கம்தான். காலம் தாழ்ந்து வந்த பழக்கம்.

ஏரிக்கரையில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பிறகு ஒரு நாள் பொழிச்சலூருக்குப் போனேன். கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இருந்த ஆட்டோக்காரரே, "காயில் பாயா? நேரா போய் லெப்ட்டு" என்றார்.

ஹனீபா பாய் தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். மடியில் மோட்டாரின் இரும்புக் கூட்டை வைத்துச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. சுற்று எண்ணுகிறார். நான் பேச வாய் திறந்ததும் இரு என்று கையைக் காட்டினார். எண்ணி முடித்து, கம்பியை முடிச்சிட்டபின் நிமிர்ந்தார்.

"சொல்லு சார். இன்னா மோட்டாரு?"

"மோட்டார் இல்ல பாய். உங்க பொண்ணு விஷயமா வந்திருக்கேன்."

யார் என்று சொன்னேன். நடந்ததை மேலே எழுதியிருக்கும் வரிசையிலேயே சொன்னேன். பள்ளியில் அவள் கேட்டது, நான் சொன்ன பதில், முதல்வர் அறையில் மறுத்தது, தொலைபேசி அழைப்பின்போது எதிரில் நின்றது. கேட்டு முடித்ததும் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு சார்." பிறகு, "இத்தினி வருசம் கழிச்சு இப்ப இன்னாத்துக்கு?" என்றார்.

சரியான காரணம் என்னிடம் இல்லை. "முன்னாடியே வந்திருக்கணும்" என்றேன்.

"வந்திருக்கணும்" என்றார் அவரும்.

அவராகவே பேசினார். அவள் தபால் வழியில் பி.காம். படித்தாள். கடையில் உட்கார்ந்து பில் போட்டாள். கல்யாணமாகி இப்போது ஆம்பூரில் இருக்கிறாள். குறை ஒன்றும் இல்லை என்றார். சொல்லிவிட்டு மடியில் இருந்த இரும்புக் கூட்டைக் கீழே இறக்கி வைத்தார்.

"அன்னிலேர்ந்து அது எது சொன்னாலும் யாரு சொன்னான்னு கேப்பேன் சார். அப்பிடியே பழகிப்போச்சு. அது தம்பி இருக்கானே, அவன் கிண்டல் பண்ணுவான். எந்த சாரு சொன்னாரு, எந்த சாரு சொன்னாருன்னு. நாங்கல்லாம் சிரிப்போம். அதுவும் கூட சேந்து சிரிக்கும்." செம்புக் கம்பிச் சுருளை ஓரமாகத் தள்ளினார். "போன மாசம் போன் பண்ணி, அத்தா, புள்ளைக்கு ஒடம்பு முடியல, அம்மாவ அனுப்புங்கன்னுச்சு. மாப்ளகிட்ட குடு, அவரு சொல்லட்டும்னேன்."



அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு செல்பேசியை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அத்தா, சொல்லுங்க. சாப்டீங்களா?"

"ம். இங்க ஒருத்தரு வந்துகிறாரு. உன் காலேஜ் சாரு."

"நான் எந்தக் காலேஜுக்குப் போனேன், சாரு வர்றதுக்கு?" என்று சிரித்தாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது.

"அந்த பி.சி.ஏ. சாரு."

பாத்திரச் சத்தம் நின்றது.

நான் குனிந்து பேசினேன். "ரிஸ்வானா, நீ சொன்னதுதான் உண்மை. உங்க ஸ்கூல்ல நீ கேட்டதுக்கு நான் அப்படித்தான் பதில் சொன்னேன். அன்னைக்கு ரூம்ல உங்க அப்பா முன்னாடி பொய் சொன்னேன். அதை அவர்கிட்ட சொல்லத்தான் வந்தேன். என்னை மன்னிச்சுடும்மா."



"நீங்க சொன்னது எனக்குத் தெரியும் சார்" என்றாள். "நான்தானே கேட்டேன்." குரலில் கோபம் இல்லை, மன்னித்ததாகவும் அவள் சொல்லவில்லை. "அத்தாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அத்தா என்ன சொன்னாரு?"

நான் ஹனீபா பாயைப் பார்த்தேன். அவர் செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனை அவர்கிட்ட குடுங்க சார்" என்றாள். "ஸ்பீக்கர் வேணாம்."

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். அணைக்க இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. காதில் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கி, தெருவைத் தாண்டி எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் காவலாளி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "பாய் இல்லியா? நேத்தே மோட்டார் தரேன்னாரு. மாடில தண்ணி ஏறல, எல்லாம் கத்திகினு கீறாங்க."

"இருக்கார். மகளோட பேசிக்கிட்டிருக்கார்" என்றேன்.

"கூப்புடு சார். ஒரு வார்த்த கேட்டுட்டுப் பூடறேன்."

"கொஞ்சம் பொறுங்க. முக்கியமான பேச்சு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவர் ஓரத்தில் ஹனீபா பாய் பேசுவதாகத் தெரியவில்லை. அடிக்கடி தலையை மட்டும் ஆட்டினார். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.